நுகம் கழுத்தை அறுக்குமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: இயேசுவின் போதனைகளை அன்றாடம் கடைப்பிடிக்க ஒரு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வாசலில் செருப்பைத் தேடும்போது எங்கள் சபையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "ஐயா நல்லாத்தான் பேசினாரு. ஆனா நடக்கிற காரியமா?" சத்துருவை நேசிக்க வேண்டும். ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்ட வேண்டும். நாளையைப் பற்றிக் கவலைப்படக் கூடாது. இதையெல்லாம் கேட்டு ஆமென் சொல்லிவிட்டு, நேரே கறிக்கடைக்குப் போய் எலும்பு கூடப் போட்டுவிட்டான் என்று சண்டை பிடிப்போம். நானும் பல வருஷம் அப்படிப் பிடித்தவன்தான்.

மதுரை கே.புதூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வேதசாஸ்திரம் படித்தவன் இல்லை. அரசரடி இறையியல் கல்லூரியின் வாசலை பஸ்ஸில் போகும்போது பார்த்ததோடு சரி. ஆனால் கேட்பதற்கு மலையாகத் தெரியும் இந்தப் போதனைகளில் இறங்கிப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு இருப்பது தெரிகிறது. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே திரிகிறவன் என்பதால் எனக்கு அப்படித் தெரிகிறதோ என்னவோ. சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான் படிக்க வேண்டும் என்றில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, மலைப்பிரசங்கத்தைப் பாதி மறந்துபோன யாரும் படிக்கலாம்.

1. முதலில் நுகத்தடியைப் பாருங்கள்

"என் நுகம் மெதுவாயும், என் சுமை இலகுவாயும் இருக்கிறது" என்று மத்தேயு 11ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் இயேசு சொல்கிறார். சின்ன வயசில் இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். நுகத்தில் என்ன மெதுவு? திருமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் தாத்தா ஏர் உழும்போது மாட்டின் பிடரியைப் பார்த்திருக்கிறேன். நுகம் சரியாக அமையாத மாட்டுக்குத் தோல் கன்றிப் புண்ணாகி, ஈ மொய்க்கும். தாத்தா வேப்பெண்ணெய் தடவுவார். மறுநாள் ஆசாரியிடம் நுகத்தடியைத் தூக்கிக்கொண்டு போவார். ஆசாரி அதைச் சீவி, உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்து, மறுபடியும் சீவிக் கொடுப்பார். அப்புறம் அதே மாடு, அதே உழவு, புண் இருக்காது.

வேதாகமத்தில் "மெதுவாயும்" என்று வந்திருக்கும் இடத்தில் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு நல்லது, இதமானது, தக்கது என்றெல்லாம் பொருள் உண்டு. சொன்னவர் தச்சர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று. எங்கள் ஊர் ஏரின் நுகத்தடி இரண்டு மாட்டுக்கு உரியது. புது மாட்டைப் பழக்கும்போது இரண்டு புது மாடுகளைச் சேர்த்துப் பூட்ட மாட்டார்கள், ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். பழகிய மாட்டோடுதான் பூட்டுவார்கள். பளு முக்கால்வாசி பழைய மாட்டுக்கு. புதுசு கூட நடந்து, எங்கே திரும்புவது, எங்கே நிற்பது என்று கற்றுக்கொண்டால் போதும். விசுவாசி அந்தப் பழைய மாட்டின் இடத்தில் கிறிஸ்துவையே வைத்துப் பார்ப்பார். அது சரிதான். ஆனாலும் கண்ணுக்குத் தெரிகிற ஓர் ஆளும் வேண்டும் என்பது என் அனுபவம். ஆகவே முதல் வேலை, உங்களுக்கு முன்னால் இந்த வழியில் நடந்த ஒருவரைப் பிடித்துக்கொள்வது. ஊழியக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. எனக்கு வாய்த்தவர் என் கடையில் காஜா, அதாவது பட்டன் துளை, எடுக்கிற அக்கா. புதூர் லூர்து அன்னை கோயிலுக்குப் போகிறவர். நான் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் சபை, அவர் ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர். பதினோரு வருஷமாக ஒரே டியூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறோம். அவர் எனக்குப் பிரசங்கம் செய்ததே கிடையாது.

2. பென்சிலோடு ஒரே மூச்சில் வாசியுங்கள்

மத்தேயு 5, 6, 7 ஆகிய மூன்று அதிகாரங்கள்தான் மலைப்பிரசங்கம். மொத்தம் 111 வசனம். நிதானமாக வாய்விட்டு வாசித்தால்கூட ஒரு சீரியல் பார்க்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். நாம் இதைக் காலண்டர் தாளில் தினம் ஒரு வரியாகக் கிழித்துப் படித்தே பழகிவிட்டோம். தனியாக நிற்கும் வசனம் பயமுறுத்தும். கூட்டமாக வரும்போது அதன் முகம் வேறு.

வாசிக்கும்போது அளவு சொல்லியிருக்கும் இடங்களில் கோடு போடுங்கள். "ஒரு மைல் தூரம் வர பலவந்தம்பண்ணினால்" இரண்டு மைல் போ என்கிறார். அந்தக் காலத்தில் ரோமச் சிப்பாய் வழியில் போகிறவனைப் பிடித்துத் தன் மூட்டையைச் சுமக்க வைக்கலாம். ரோம மைல் என்பது ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். கூடுதலாகக் கேட்பது இன்னொரு ஒன்றரை கிலோமீட்டர், இருபது நிமிஷ நடை. ஆயுசுக்கும் மூட்டை தூக்கு என்று சொல்லவில்லை. முதல் மைலில் அவன் உங்களை இழுத்துக்கொண்டு போகிறான். இரண்டாவது மைலில் அவனுக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியாது.

கன்னத்தில் அறையும் வசனத்திலும் ஒரு சின்ன விவரம் உண்டு. "வலது கன்னத்தில்" என்று சொல்லியிருக்கிறது. எதிரே நிற்கிறவன் வலது கையால் உங்கள் வலது கன்னத்தில் அடிக்க வேண்டுமானால் புறங்கையால்தான் அடிக்க முடியும். எஜமான் அடிமையை அவமானப்படுத்துகிற அடி அது என்று சில வேத அறிஞர்கள் விளக்குகிறார்கள். மறு கன்னத்தைத் திருப்பினால், அடிப்பதானால் என்னைச் சமமான ஆளாக வைத்து அடி என்று நிற்பதாக ஆகிறது. இந்த விளக்கத்தை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் மிதி வாங்கிக்கொண்டே கிட என்பது அதன் பொருளாக இருக்க முடியாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

3. வாயிலிருந்து தொடங்குங்கள்

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்ற இடத்தைக் காட்டுவேன். மத்தேயு 5:37. சத்துருவை நேசிக்க ஒரு சத்துரு வேண்டும். இதற்கு வாய் இருந்தால் போதும்.

தையல்காரனின் பொய் உலகப் பிரசித்தம். "வெள்ளிக்கிழமை ரெடியாயிரும்." வெள்ளிக்கிழமை வந்தால், "காஜா மட்டும்தான் பாக்கி, நாளைக்குச் சாயங்காலம் வாங்க." துணி பையிலிருந்தே எடுத்திருக்க மாட்டோம். கரண்ட் இல்லை, மாஸ்டருக்குக் காய்ச்சல், பட்டன் கலர் கிடைக்கவில்லை. மீனாட்சியம்மன் கோயில் எதிரே இருக்கிற புதுமண்டபத்தில் தையல் மிஷின்கள் வரிசையாக ஓடிய காலத்தில் அங்கே தொழில் பழகினேன். பழகும்போதே இந்த வசனங்களும் மனப்பாடமாகிவிட்டன. பொய் என்றே தோன்றவில்லை, வாடிக்கையாளருக்குச் சொல்லும் ஆறுதல் என்று நினைத்தோம்.

ஒரு ஐப்பசி மாதம், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு பள்ளிக்கூட ஆயா மகளின் சுடிதாருக்காக நாலாவது தடவையாக வந்து நின்றார். பஸ்ஸுக்கு வைத்திருந்த காசு தீர்ந்து நடந்தே வந்திருக்கிறார். நான் வழக்கம்போல, "காஜாதான் பாக்கிக்கா" என்றேன். காஜா அக்கா பக்கத்திலேயே ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார். சுடிதாருக்கு ஏது காஜா? இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் எனக்குக் காது கூசியது.

அப்புறம் செய்தது இதுதான், நீங்களும் உங்கள் தொழிலுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு எத்தனை உருப்படி முடியும் என்று ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன். நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதிதான் வந்தது. அளவு நோட்டில் ஒவ்வொரு தேதிக்கும் அவ்வளவு கட்டம் மட்டும் போட்டேன். கட்டம் நிறைந்தால், "இல்லக்கா, முடியாது." இதைச் சொல்லும்போது முதல் வாரம் நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்தத் தீபாவளிக்கு இருபது சட்டையாவது பக்கத்துக் கடைக்குப் போயிருக்கும். நட்டம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் யார் முகத்தையும் பார்த்து உள்ளே ஓடி ஒளியாத முதல் தீபாவளி அது. பொய்யைக் கட்டிக் காக்கத்தான் எனக்கு அவ்வளவு உழைப்பு செலவாகியிருக்கிறது. எவருக்கு என்ன காரணம் சொன்னோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்வதே ஒரு வேலை.

4. கவலைக்கு நாள் கணக்கு

"அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்." பாடே இல்லை என்று இயேசு சொல்லவில்லை, இன்றைக்கு உள்ளது இன்றைக்குப் போதும் என்கிறார். பரமண்டல ஜெபத்திலும் கேட்பது இன்றைய ஆகாரம்தான். யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த மன்னா என்ற ஆகாரமும் அப்படித்தான்: தலைக்கு ஓர் ஓமர் அளவு, அன்றன்றைக்குப் பொறுக்க வேண்டும், மறுநாளுக்கு எடுத்து வைத்தால் புழு வைத்துவிடும். ஓய்வுநாளுக்காக ஆறாம் நாள் மட்டும் இரட்டிப்பு.

இதைச் சேமிக்கவே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சீட்டுக் கட்டுங்கள், போஸ்ட் ஆபீஸில் போடுங்கள். நான் செய்வது ஒன்றே ஒன்று. ராத்திரி கடை அடைக்கும்போது நாளைக்கு என் கையால் செய்யக்கூடியதை மட்டும் துண்டுத்தாளில் எழுதி மிஷின் மேல் வைத்துவிட்டுப் போவேன். மகள் கல்யாணம் அந்தத் தாளில் ஏறாது. "அந்தக் கடைக்காரரிடம் லைனிங் துணி கேட்க வேண்டும்" என்பது ஏறும். தாளில் இடம் இல்லாத கவலைக்குத் தலையில் மட்டும் எதற்கு இடம்?

5. மொய் நோட்டில் ஏறாத ஒன்றைக் கொடுங்கள்

எங்கள் பக்கத்தில் கொடுத்தல் என்றால் மொய். வாசலில் மேஜை போட்டு, ஒருவர் பணத்தை எண்ண, ஒருவர் நோட்டில் எழுத, சில இடங்களில் மைக்கில் பேரோடு தொகையும் வாசிப்பார்கள். நாளைக்கு நம் வீட்டு விசேஷத்துக்கு அது கூட்டி வர வேண்டும். வராவிட்டால் பேச்சு நிற்கும். இது மோசமான வழக்கம் என்று சொல்ல மாட்டேன். பாங்க் வாசலை மிதிக்க முடியாதவனுக்குக் காது குத்தும் கல்யாணமும் இதில்தான் நடந்தன. ஆனால் இது கடன், தர்மம் இல்லை.

லூக்கா 14இல் இயேசு சொல்வது இந்த மேஜைக்கு நேர் எதிர்: விருந்து வைத்தால், பதிலுக்குக் கூப்பிட முடியாதவர்களைக் கூப்பிடு. மத்தேயு 6இல் வலது கை செய்கிறதை இடது கை அறியக் கூடாது என்கிறார். (எங்கள் ஆலயத்து மின்விசிறி ஒவ்வொன்றிலும் யார் உபயம் என்று பெயின்டில் எழுதியிருக்கிறது. சுற்றும்போது படிக்க முடியாது என்பது ஒரு நிம்மதி.)

மொய்யை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தவும் முடியாது. மாசத்துக்கு ஒன்றே ஒன்று, எந்த நோட்டிலும் ஏறாத மாதிரி கொடுத்துப் பாருங்கள். சித்திரைத் திருவிழா சமயத்தில் மதுரைத் தெருக்களில் நீர்மோர்ப் பந்தல் வைக்கிறார்களே, அழகரைப் பார்க்க வந்தவன் எந்த ஊர், என்ன ஆள் என்று கேட்டா டம்ளரை நீட்டுகிறார்கள்? ஒரு கலசம் தண்ணீர் கொடுத்தாலும் பலன் உண்டு என்று மத்தேயு 10இல் வருவதற்கு அதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. இதை இந்த ஊர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது.

6. மன்னிப்பு: இங்கே நிதானம் வேண்டும்

கஷ்டமான இடம் இது. பேதுரு ஏழு தரம் மன்னித்தால் போதுமா என்று கேட்கிறார். ஏழெழுபது தரம் என்று பதில் வருகிறது. அதோடு ஒரு கதையும். ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவனுக்குக் கடன் தள்ளுபடி ஆகிறது. அவன் வெளியே வந்து, தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். ஆக, அவனுக்குத் தள்ளுபடி ஆனது 6 கோடி நாள் கூலி. ஒரு லட்சத்து அறுபதாயிரம் வருஷம் உழைத்தாலும் தீராது. அவன் விட்டுக்கொடுக்க மறுத்தது மூணு மாதச் சம்பளத்தை. நூறு நாள் கூலி சின்னத் தொகை இல்லை என்பதையும் கவனியுங்கள். உங்களுக்கு நடந்தது ஒன்றுமே இல்லை என்று கதை சொல்லவில்லை.

மன்னிப்பதும் பழையபடி உள்ளே விடுவதும் ஒன்றல்ல. குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனை, சிலுவை சுமக்கிறேன் என்று பொறுத்துக்கொள்ளச் சொல்லும் உபதேசத்தை நம்பாதீர்கள். பெண்கள் உதவி எண் 181க்குப் போன் செய்யுங்கள், போலீஸுக்குப் போங்கள். மனசிலிருந்து பகையை இறக்குவதை வெளியே பத்திரமாக இருந்தும் செய்யலாம். கந்து வட்டிக்காரன் வீட்டு வாசலில் உட்கார்ந்தாலும் அப்படித்தான். அதற்கு 2003லேயே சட்டம் வந்துவிட்டது.

அப்புறம், மத்தேயு 18:15 முதல் மூன்று வசனங்களில் படிப்படியாக ஒரு முறையே சொல்லியிருக்கிறது. உன் சகோதரன் குற்றம் செய்தால் முதலில் நீயும் அவனும் மட்டும் தனியாகப் பேசு. கேட்கவில்லையா, ஒருவர் இருவரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால்தான் சபை. நாங்கள் செய்வது தலைகீழ். முதலில் மதினிக்குச் சொல்வோம், அப்புறம் சித்தப்பா வீடு, அப்புறம் ஊர். சம்பந்தப்பட்டவனுக்குக் கடைசியில்தான் தெரியும்.

எனக்கும் என் தம்பிக்கும் ஊர் வீட்டைப் பிரித்ததில் ஆறு வருஷம் பேச்சில்லை. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி" வா என்ற வசனத்தை ஒவ்வொரு திருவிருந்துக்கும் முன்னால் கேட்பேன். ஒப்புரவு என்ற சொல் குறளில் ஓர் அதிகாரத்துக்கே தலைப்பு. அங்கே பொருள் ஊருக்கு உதவுவது. இங்கே முறிந்ததை ஒட்டுவது. இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. மூன்று மாதம் திருவிருந்துக்கு எழுந்து போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஆயர் கேட்டார், முதுகுவலி என்றேன். (உள்ளதை உள்ளதென்று சொல்வது அங்கே அம்போ.)

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை திருமங்கலம் போனேன். தம்பி கடை வாசலில் நின்றேன். என்ன சொல்வதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "டீ குடிப்பமாடா" என்றேன். அவன் கொஞ்ச நேரம் கல்லாவைப் பூட்டுவது மாதிரி நின்றான். "வீட்டுப் பேச்ச எடுக்காட்டி வாரேண்ணே" என்றான். எடுக்கவில்லை. வீட்டு விவகாரம் இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. டீ மாசம் ஒருதரம் நடக்கிறது. எல்லாம் தீர்ந்த பிறகுதான் போக வேண்டும் என்று நினைத்துத்தான் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தேன்.

7. பிறன் யார்?

பிறன் யார் என்று கேட்டவனுக்கு இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையைக் கேட்டு, ரோட்டில் விழுந்தவனையெல்லாம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து ஆயுசுக்கும் சோறு போட வேண்டும் என்று பயந்தவன் நான். திரும்பப் படியுங்கள். கள்ளர் அடித்துப் போட்டுப் போனவனுக்குச் சமாரியன் காயத்தைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் ஒரு ராத்திரி பார்த்துக்கொண்டான். மறுநாள் சத்திரக்காரன் கையில் இரண்டு பணம், அதாவது இரண்டு நாள் கூலி கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனான். இது யாராலும் முடியும்.

முடியாமல் இருப்பது வேறொன்று. கதை கேட்ட யூதர்களுக்குச் சமாரியன் என்றால் தொடக் கூடாதவன் மாதிரி. அவனைக் கதாநாயகன் ஆக்கியதுதான் அங்கே சுட்டது. நம் ஊரிலும் அங்கேதான் சுடும். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தி, மரக்கறி சாப்பிட்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, கிறிஸ்தவனாவதற்குப் பறங்கியாக மாற வேண்டியதில்லை என்று காட்டினார். அவர் முறைக்கு 1623இல் போப்பாண்டவரின் அனுமதியும் வந்தது. அந்த வகையில் அவர் நுகத்தைச் சீவிய ஆசாரிதான். ஆனால் உடையையும் உணவையும் விட்டுவைத்த கையோடு சாதி வேற்றுமையையும் விட்டுவைத்தார். சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் கிறிஸ்தவ ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னும் உண்டு. இதில் எளிதான வழி என்று என்னிடம் ஒன்றும் இல்லை. என்னால் முடிந்த அளவு: யார் வீட்டுத் துணியையும் கையில் வாங்கி, யார் வீட்டுச் சாப்பாட்டையும் உட்கார்ந்து சாப்பிடுவது, மகளுக்கு வரன் தேடும் கடுதாசியில் சாதிக் கட்டத்தை நிரப்பாமல் விடுவது. இரண்டாவதற்கு வீட்டில் நடந்த சண்டை இன்னும் முடியவில்லை.

8. தப்பினால் தப்பிய இடம் வரை பிரியுங்கள்

லெந்து நாட்களை, ஆர்.சி.யில் தவக்காலம் என்பார்கள், பழகுவதற்கு எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறு நீங்கலாக 40 நாள். கறி மீன் விடுவது பெரிய காரியமில்லை, ஈஸ்டர் அன்றைக்கு வட்டியோடு சாப்பிட்டுவிடுவோம். மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் எடுத்து அந்த 40 நாளும் செய்யுங்கள். இரண்டை எடுக்காதீர்கள்.

இடையில் தவறும். கை கோணி ஒரு தையல் ஓடிவிட்டால் நான் முழுச் சட்டையையும் பிரிப்பதில்லை, கோணல் தொடங்கிய இடம் வரைக்கும்தான். அங்கிருந்து மறுபடியும் மிதிப்பேன். பொய் சொல்லிவிட்டேன், இனி என்ன பரிசுத்தம் என்று வாரக் கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் சட்டையையே தூக்கிப் போடுகிறவர்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். கட்டமெல்லாம் நிறைந்திருந்தது. ஓர் அம்மா பேத்தியின் பாவாடை சட்டைக்காக வந்து நின்றார். கடையில் கூட்டம். "நாளைக்குச் சாயங்காலம் வந்து வாங்கிக்கங்கம்மா" என்றேன். பழைய வாய், தன்னால் வந்துவிட்டது. துணி வெட்டவே இல்லை. அந்தம்மா சந்தோஷமாகப் போய்விட்டார். காஜா அக்கா நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னார்: "பஸ் இன்னும் வரல தம்பி. ஸ்டாப்புலதான் நிப்பாங்க."

டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்காமலே ஓடினேன். நாளைக்கு முடியாது, இருபத்து நாலாம் தேதி காலையில்தான் என்றேன். அந்தம்மா நடுரோட்டில் நன்றாகத் திட்டினார். கேட்டுக்கொண்டு வந்து, சாக்பீஸை எடுத்து அவருடைய பேத்தியின் துணியை விரித்தேன்.